மேட்டுக் காலனி இணைப்புப் பாலம்

பாலம் கட்டி முடித்து நான்கு மாதம் ஆகிவிட்டது. கரும்பு ஏற்றிய லாரி போனாலும் தாங்கும். ஆனால் ஓர் ஆட்டுக்குட்டி அதன்மேல் கால் வைக்கக் கூடாது. இரண்டு முனையிலும் தார் டிரம்களை உருட்டி வைத்து, இடையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு, முள்ளுக்கு மேலே ஒரு தகரப் பலகையும் கட்டியிருந்தார்கள். ‘பாலம் இன்னும் திறக்கப்படவில்லை. மீறிச் செல்வோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, செயற்பொறியாளர்.’ ஆடுகள் அதை மதித்ததாகத் தெரியவில்லை. மனிதர்கள் மதித்தார்கள். படித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாலத்துக்குப் பக்கத்திலேயே கால்வாயில் இறங்கி நடந்தார்கள்.

என்ன செய்வது, அந்தத் துறையின் வழக்கம் அப்படி. கான்கிரீட் இறுக இருபத்தெட்டு நாள் வேண்டும் என்று படிப்பு சொல்கிறது. அதற்குப் பிறகு ஓர் அமைச்சர் வேண்டும் என்று துறை சொல்கிறது. அவர் வந்து ரிப்பனை வெட்டி, பளிங்குக் கல்லில் இருக்கும் தன் பெயரைத் திரையை விலக்கிப் பார்த்து, எழுத்துப்பிழை இல்லை என்று திருப்தியடைந்த பிறகுதான் பாலம் பாலமாகும். அதுவரை அது இரண்டு கரைக்கும் நடுவே கிடக்கிற கட்டடம்.

இந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பாளர் பீமாராவ். கட்டுமானத் துறையின் வடமேற்குக் கோட்டத்துக்குச் செயற்பொறியாளர், சுருக்கமாக இ.இ. நாகமலை புதுக்கோட்டையில் ஆபீஸ். அவருக்குக் கீழே பதினொரு ஜீப், அவற்றில் ஓடுவது நான்கு. வயது ஐம்பத்தொன்பது முடிந்துவிட்டது. அடுத்த மே மாதம் ஓய்வு. அதற்குள் கண்காணிப்புப் பொறியாளராக, ஆபீஸ் பேச்சில் எஸ்.இ.யாக, ஆகிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஆசை. ஒரே ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு மறுநாள் ஓய்வு பெற்றாலும் போதும். பதவி உயர்வுப் பட்டியல் அமைச்சரின் மேஜையில் இருந்தது. மேஜையின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதைக்கூட அவர் விசாரித்து வைத்திருந்தார்.

இத்தனைக்கும் மனிதர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். சமயநல்லூரைத் தாண்டி இருக்கும் மேட்டுக் காலனிக்குச் சுடுகாடு கால்வாய்க்கு அந்தப் பக்கம். தண்ணீர் இல்லாத மாதத்தில் செத்தவர்கள் புண்ணியவான்கள். தண்ணீர் போகும் மாதத்தில் செத்தால், பாடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நீந்தாத குறையாக நடக்க வேண்டும். மேலத்தெரு வழியாகச் சுற்றிப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். காலனிப் பிணம் அந்தத் தெருவில் வரக்கூடாது என்று யாரும் சொல்வதில்லை. இப்போதெல்லாம் அப்படி யாரும் சொல்வதே கிடையாது. சாமி ஊர்வலம் போகும் பாதை, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வார்கள்.

இந்தக் கால்வாய்க்குப் பாலம் கேட்டு ஒன்பது வருடமாக மனு எழுதியவர் பால்பாண்டி. பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். திங்கட்கிழமை தோறும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மஞ்சப்பையில் மனுவோடு கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விடுவார். அவர் மனு பல மேஜைகளைப் பார்த்துவிட்டுக் கடைசியில் பீமாராவிடம் வந்தது. பீமாராவ் அதை இரண்டு முறை படித்தார். வாடிப்பட்டிப் பக்கம் அவருடைய ஊரிலும் இதே கதைதான். பொறியியல் கடைசி வருடம் படிக்கும்போது, கூலி வேலை பார்த்துப் படிக்கவைத்த அப்பனை, அவரே ஒரு தோள் கொடுத்து இப்படித்தான் தூக்கிப் போனார். நடுக்கால்வாயில் கை தளர்ந்து பாடை சாய்ந்தது. அப்பாவின் கால் இரண்டும் தண்ணீரில் நனைந்தன. அதை அவர் மறந்ததே இல்லை. பால்பாண்டியின் மனுவில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் மேலே கேட்காமல் அவர் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான். பால்பாண்டியை உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்து, அப்பா கதையையும் சொன்னார்.

ஆனால் கோப்பில் ‘சுடுகாட்டுப் பாலம்’ என்று எழுதவில்லை. எழுதினால் எந்த அமைச்சர் வருவார்? ‘மேட்டுக் காலனி இணைப்புப் பாலம்’ என்று எழுதினார். உதவிப் பொறியாளர் தமிழ்வாணி, வேலைக்கு வந்து மூன்று வருடமே ஆன பெண், கோப்பைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: “எதை எதோட இணைக்குது சார்?”

“இந்தக் கரைய அந்தக் கரையோட.”

“அந்தக் கரைல என்ன இருக்குன்னு கேட்டா?”

“கேக்க மாட்டாங்கம்மா. நீ எழுது.”

யாரும் கேட்கவில்லை. கோப்பில் அழகான பெயர் ஒன்று இருந்துவிட்டால் அதற்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கிற கெட்ட பழக்கம் அந்தத் துறையில் யாருக்கும் கிடையாது.

நான்கு மாதம் கழித்து ஒருவழியாக நாள் கிடைத்தது. வியாழக்கிழமை, காலை பத்தரை. நாளைச் சொல்லத் தொலைபேசியில் கூப்பிட்ட அமைச்சரின் உதவியாளர் சூரியபிரகாஷ் கூடவே ஒரு குண்டையும் போட்டார்.

“அண்ணன் ஜாதகம் பாக்குறவரு, உங்களுக்குத் தெரியும்ல. சனிப்பெயர்ச்சி முடியிற வரைக்கும் கேதம், கருமாதி, சுடுகாடு எதையும் மிதிக்கப்படாதுன்னு ஜோசியர் சொல்லியிருக்காரு. சொந்தச் சித்தப்பா சாவுக்கே தெருமுனையோட நின்னு மாலையக் குடுத்தனுப்புனாரு. வர்ற பாதைல அப்பிடி எதுவும் இல்லைல?”

“இல்லைங்க சார்,” என்றார் பீமாராவ்.

“எஸ்.இ. லிஸ்ட் அண்ணன் கைலதான் இருக்கு. ஃபங்ஷன் முடிஞ்சு கார்லயே கையெழுத்துப் போட்டாலும் போடுவாரு.”

தொலைபேசியை வைத்துவிட்டுப் பீமாராவ் சட்டையைத் தளர்த்திக்கொண்டார். பாலத்தைக் கடந்து இறங்கினால் நேர் எதிரே இருபது அடியில் எரிமேடை. நான்கு தூண், தகரக் கூரை, புகை போகக் கூரையில் ஒரு சந்து, நடுவில் சிமென்ட் மேடை, அதன்மேல் இரும்புக் கம்பிகள். ஒரு சுடுகாட்டை மறைப்பது எப்படி? முப்பத்தைந்து வருட அனுபவம் கைகொடுத்தது. அதற்கும் ஒரு பெயர் வைத்துவிட்டால் போகிறது. மறுநாளே பெயின்ட் டப்பாக்கள் வந்து இறங்கின. கரி படிந்த கூரைக்கு இரண்டு கோட் வான நீலம். தூண்களுக்கு மஞ்சள். நெற்றியில் கறுப்பு எழுத்தில் ‘பயணியர் நிழற்குடை’. கம்பிகளின்மேல் பலகை போட்டு, பலகைமேல் சிவப்புக் கம்பளம் விரித்து, கம்பளத்தின்மேல் பரவையிலிருந்து வாடகைக்கு எடுத்த கல்யாண வீட்டு ராஜா சோபா. அதில் அமைச்சரை உட்காரவைத்து இளநீர் கொடுப்பதாகத் திட்டம்.

திட்டத்தைக் கேட்டுத் தமிழ்வாணி ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் தோள் குலுங்க நின்றாள். இருமல் என்றாள்.

பெயின்ட் அடிக்கிற அன்று பால்பாண்டி வந்து பார்த்தார். “என்ன சார், எங்க எரிமேடை இம்புட்டுக் கலரா ஆயிருச்சு?”

“வியாழக்கிழமை வரைக்கும் அது எரிமேடை இல்ல பால்பாண்டி. நிழற்குடை.”

“பஸ்ஸு?”

“பஸ்ஸு எதுக்குய்யா. குடை மட்டுந்தான்.”

பால்பாண்டி தலையைச் சாய்த்துப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. பாலத்தத் தொறந்தாச் சரி சார். நீங்க கல்யாண மண்டபம்னு எழுதிவெச்சாலும் எங்களுக்கு ஒண்ணுமில்ல. ஆனா கால்வாயில தண்ணி தொறந்துட்டாங்க. இடையில யாராச்சும் போய்ச் சேந்துட்டா என்ன செய்ய? ஒருக்கா மட்டும் முள்ள எடுத்துவிடுவீங்களா?”

“அது மட்டும் முடியாது. அமைச்சர் தொறக்குறதுக்கு முன்னால அதுமேல பாடை போச்சுன்னு தெரிஞ்சா என் கதை முடிஞ்சுது. ஒரே ஒரு வாரம். யாரும் சாகாமப் பாத்துக்கங்க.”

சிரிப்புக்குச் சொன்ன மாதிரிதான் சொன்னார். முகத்தில் சிரிப்பு இல்லை. பால்பாண்டி அதை அரசாங்க உத்தரவாகவே எடுத்துக்கொண்டார்.

“அது என் பொறுப்பு சார். காலனில எழுவதத் தாண்டுனது ஆறு பேரு. காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா பாத்துட்டு மேடத்துக்குப் போன் போட்டுர்றேன்.”

சொன்னபடி செய்தார். மார்க்கெட்டுக்குப் போகுமுன் ஆறு வீட்டுக்கும் போவார். ஒருவருக்குச் சளி என்றால் கஷாயம், ஒருவருக்குத் தலைசுற்றல் என்றால் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரி. கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்த கிழவர் ஒருவருக்குப் பரோட்டா. ‘மினிஸ்டர் வந்துட்டுப் போகட்டும், அதுவரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்க’ என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார். காலையும் மாலையும் தமிழ்வாணிக்குத் தகவல் வரும்: “ஆறும் நல்லா இருக்கு மேடம்.” அவள் அதைப் பீமாராவிடம் சொல்வாள். ஆபீஸில் அணை நீர்மட்டம் கேட்பதுபோல் தினமும் அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் சாப்பிடப் போனார்.

புதன்கிழமை சாயங்காலம் போன் வரவில்லை. தமிழ்வாணியே கூப்பிட்டாள். எடுத்தது பால்பாண்டியின் மனைவி அன்னக்கொடி.

“ஆறு பேரும் நல்லா இருக்காங்கம்மா,” என்றாள். “அவருதான் போயிட்டாரு.”

மார்க்கெட்டில் வெங்காய மூட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது. அவர் தயாரித்த பட்டியலில் அவர் பெயர் இல்லை.

வியாழன் காலை ஆறரை மணிக்குப் பீமாராவ் கேத வீட்டு வாசலில் நின்றார். ஃப்ரீசர் பெட்டிக்குள் பால்பாண்டி வெள்ளைச் சட்டையோடு படுத்திருந்தார். திங்கட்கிழமை போடுகிற சட்டைதான். பீமாராவ் செருப்பைக் கழற்றிவிட்டு உண்மையான துக்கத்தோடுதான் கும்பிட்டார். ஆனால் கும்பிட்ட கையை இறக்காமலே அவர் பேசியது என்ன தெரியுமா?

“அமைச்சர் பத்தரைக்கு வாராரும்மா. பதினோரு மணிக்குப் பாலம் ஃப்ரீ. அதுக்கப்புறம் எடுத்துரலாம்ல?”

அன்னக்கொடி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “எடுக்குறோம் சார். ஒரு வாரம் யாரும் சாக மாட்டோம்னு உங்ககிட்டச் சொல்லிட்டாராம். சாகுறப்பக்கூட அதத்தான் சொன்னாருன்னு மார்க்கெட்ல சொல்றாங்க. அவரு வாக்குக் குடுத்தது. பதினோரு மணி வரைக்கும் இருக்கட்டும்.”

“அப்புறம், கொட்டு…”

“கொட்டுக்கு என்ன?”

கொட்டுக்காரர்கள் காலனிக்காரர்கள்தான். அமைச்சர் வரவேற்புக்குப் பேசி வைத்திருந்ததும் அவர்களைத்தான். அமைச்சர் வருமுன் இந்தப் பக்கம் சாவுக்கொட்டுக் கேட்டால் கார் திரும்பிவிடும். பீமாராவ் இதை மென்று விழுங்கிச் சொல்லி முடித்தார். அன்னக்கொடியின் தம்பி அருள்பாண்டி சட்டென்று எழுந்தான். அவள் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“அடிக்கல சார்,” என்றாள். “அழுகலாமா, அதுவும் கூடாதா?”

வெட்கக்கேடு. பீமாராவுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தோடு ஜீப்பில் ஏறி நேராக விழா இடத்துக்குப் போய், கேத வீட்டுத் தெருமுனையை மறைத்து அமைச்சரின் நாற்பது அடி ஃப்ளெக்ஸை நிறுத்தச் சொன்னார். அதில் அமைச்சர் இரண்டு கையையும் கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் கேதம் சத்தமில்லாமல் நடந்தது.

பத்தரை மணிக்கு அமைச்சர் வரவில்லை. பதினொன்றே காலுக்குச் சூரியபிரகாஷ் கூப்பிட்டார்: வழியில் ஒரு காதுகுத்து, பன்னிரண்டு ஆகும். பன்னிரண்டே முக்காலுக்குக் கூப்பிட்டார்: காதுகுத்தில் கிடா விருந்து. ஒன்றரைக்குக் கூப்பிட்டார்: இப்போது ராகுகாலம் ஆரம்பித்துவிட்டதால் மூன்று மணி வரைக்கும் அண்ணன் காரிலேயே ஏற மாட்டார். இதற்கிடையில் விழா மேடையின் மைக் செட்டுக்குக் காலனி டிரான்ஸ்பார்மரிலிருந்து கொக்கி போட்டதில் ஃபியூஸ் போய், காலனி முழுக்கக் கரண்ட் நின்றது. ஃப்ரீசர் பெட்டியும் நின்றது. தமிழ்வாணி யாரையும் கேட்காமல் மேடைக்கு வந்திருந்த ஜெனரேட்டரைக் கேத வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

“மைக்குக்கு என்னம்மா செய்யிறது?” என்று பதறினார் பீமாராவ்.

“கத்திப் பேசட்டும் சார். பழக்கந்தான.”

இரண்டு மணிக்கு அவர் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனார். நாலரை ஆகும் என்று சொல்ல வேண்டும். வாசலில் பாடை கட்டி முடித்துச் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் சுற்றித் தேர்போல ஜோடித்திருந்தார்கள். அருள்பாண்டி கால்வாய்ப் பக்கமிருந்து ஈரத்தோடு வந்தான். கையில் நீள மூங்கில்.

“கழுத்துக்கு வருது,” என்றான் யாரிடமோ. “நடுவுல காலு நிலைக்காது.”

“பொழுது சாயுறதுக்குள்ள எடுக்கணும் சார்,” என்றாள் அன்னக்கொடி. “நேத்துச் சாயங்காலத்துல இருந்து கெடக்காரு. முள்ள எடுத்துவிடுங்க. கால் மணி நேரத்துல போயிருவோம். ஒரு பூக்கூடச் சிந்தாமப் போறோம்.”

எடுத்துவிட்டிருக்கலாம். இரண்டு டிரம், ஒரு கட்டு முள். நான்கு ஆள் இருந்தால் இரண்டு நிமிட வேலை. பீமாராவ் எஸ்.இ. நாற்காலியை நினைத்தார். பட்டியல் மேஜையின் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் நினைத்தார். பிறகு வாயைத் திறந்து, தன் வாழ்நாளில் எந்த வார்த்தையைச் சொல்லவே கூடாதோ அதைச் சொன்னார்.

“இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் கால்வாய் வழியா…”

யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அன்னக்கொடி மட்டும் நிதானமாகப் பேசினாள்.

“உங்க அப்பாவையும் அப்பிடித்தான் கொண்டு போனாங்களாமே சார். காலு ரெண்டும் நனைஞ்சிருச்சுன்னு நீங்க சொன்னீங்களாம். அன்னைக்கு இவரு வீட்டுக்கு வந்து சோறே திங்கல. சாரு மனசறிஞ்ச மனுசன், பாலம் வந்துரும்னு சொன்னாரு.”

பீமாராவ் வந்த வழியே திரும்பினார். முள்ளை எடுத்தாரா என்றால் எடுக்கவில்லை. பாலத்தின் முனையில் தார் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றார். டிரம் வெயிலில் கொதித்தது. கையை எடுக்கவில்லை.

அமைச்சர் நாலே முக்காலுக்கு வந்தார். பதினான்கு கார். டிரம்களும் முள்ளும் மாயமாக மறைந்தன. அவற்றை எடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ரிப்பன் வெட்டினார், கல்லின் திரையை விலக்கினார், எழுத்துப்பிழை இல்லை. மேலே அமைச்சர் பெயர் முழங்கை நீளத்துக்கு, அதற்குக் கீழே எட்டுப் பெயர்கள் அந்தஸ்து குறையக் குறைய எழுத்தும் குறைந்து, கடைசியில் கொசுவளவு எழுத்தில் பீமாராவ். பிறகு பாலத்தின்மேல் கைகூப்பிக்கொண்டே நடந்து அக்கரையில் இறங்கி ராஜா சோபாவில் அமர்ந்தார். இளநீர் வந்தது. அமைச்சர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

“காத்தோட்டமா இருக்கேய்யா. மேல ஒரு சந்து விட்டுருக்கான் பாரு. எவன் ஐடியா இது?”

“நம்ம இ.இ. ஐடியாண்ணே,” என்றார் சூரியபிரகாஷ்.

“நல்ல மூளைய்யா உனக்கு,” என்றார் அமைச்சர் பீமாராவைப் பார்த்து. “பஸ்ஸு எத்தனை மணிக்கு?”

பீமாராவ் கையைக் கட்டிக்கொண்டார். “இன்னும் விடலைங்க சார்.”

“நிழற்குடையக் கட்டிப்புட்டு பஸ் விடலன்னா எப்பிடி?” போக்குவரத்து அதிகாரியைக் கூப்பிட்டு அங்கேயே உத்தரவு போட்டார். தினம் இரண்டு நடை, நாளைக்கே. தமிழ்வாணிக்கு மறுபடியும் இருமல் வந்தது. “அந்த எஸ்.இ. லிஸ்ட்ட கார்ல வெச்சிருக்கியாடா?” என்று அமைச்சர் உதவியாளரைக் கேட்டார். “போறப்ப ஞாபகப்படுத்து.”

முப்பத்தைந்து வருடம் காத்திருந்த வார்த்தை. பீமாராவின் காதில் அது விழுந்தது. அதே நேரத்தில் அவர் கண் எதிர்க்கரைக்குப் போனது. ஃப்ளெக்ஸின் ஓரத்தில் ஜனங்கள் வந்து நின்றிருந்தார்கள். பாடை நான்கு தோளில் இருந்தது. வெயில் மஞ்சளாகச் சாய்ந்துவிட்டது. அருள்பாண்டி கையில் கொள்ளிச்சட்டி. கொட்டுக்காரர்கள் கொட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு அடிக்காமல் நின்றார்கள். வாக்குக் கொடுத்தவர் செத்துவிட்டார். வாக்கு இன்னும் நின்றுகொண்டிருந்தது.

அமைச்சருக்கும் தெரிந்தது. கூட்டத்தில் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறவர் அவர், அதனால் தூரத்தில் பூ மட்டும் தெரிந்தது. “யாருய்யா அது, பெரிசா பூ ஜோடனையெல்லாம் பண்ணிக்கிட்டு?”

சூரியபிரகாஷ் பீமாராவை முறைத்தார். வேறு ஒருவராக இருந்தால் உண்மையை உடைத்திருப்பார், அல்லது ஜனங்களை விரட்டச் சொல்லியிருப்பார். பீமாராவுக்கு இரண்டுமே வராது. அவருக்கு வந்தது ஒரே ஒரு தொழில்தான். எதற்கும் பொருத்தமாக ஒரு பெயர் வைப்பது. அதைக் கடைசியாக ஒரு தடவை செய்தார்.

“காலனி ஜனங்க சார். காலைல இருந்து உங்களுக்காகத்தான் காத்திருக்காங்க. நீங்க கையசைச்சாத்தான் வருவாங்க.”

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அமைச்சர் நெகிழ்ந்துபோனார். சோபாவிலிருந்து பாதி எழுந்து, ஃப்ளெக்ஸில் இருந்த அதே சிரிப்போடு வலது கையை உயர்த்தி, வாருங்கள் வாருங்கள் என்று அசைத்தார். இரண்டு தடவை அசைத்தார்.

எதிர்க்கரையில் கொட்டு இடித்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கொட்டு. அடக்கி வைத்திருந்த அழுகையும் கூடவே கிளம்பியது. “நல்லா அடிக்கிறாங்கய்யா,” என்றார் அமைச்சர். பாலத்தின்மேல் பொரியும் பூவும் இறைத்துக்கொண்டு வந்தார்கள். வழக்கமாகத் தெருமுனையோடு நின்றுவிடும் பெண்களும் பின்னால் வந்தார்கள். கால்வாய்க்கு அந்தப் பக்கத்தை அவர்களில் முக்கால்வாசிப் பேர் இதுவரை மிதித்ததே இல்லை. அமைச்சர் மாலை வாங்கத் தோதாகக் கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். பாலத்தின் பாதிக்கு வந்தபோதுதான் பூவுக்கு நடுவில் ஒரு முகம் தெரிந்தது. நெற்றியில் ஒற்றை ரூபாய், தாடைக்கு வெள்ளைக் கட்டு.

அமைச்சரின் கை அந்தரத்தில் நின்றது.

கூட்டம் நிழற்குடை முன்னால் வந்து நின்றது. கொட்டை நிறுத்தினார்கள். மரியாதை தெரிந்த ஜனம், யாரும் இடிக்கவில்லை, தள்ளவில்லை. அருள்பாண்டி கொள்ளிச்சட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் கும்பிட்டான்.

“அய்யா, கொஞ்சம் எந்திரிங்க. அது எங்க மாமன் படுக்குற எடம்.”

பிறகு நடந்ததை விவரிப்பது ஓர் அமைச்சரின் கௌரவத்துக்கு அழகல்ல. சோபா ஒரு பக்கம் சாய, கம்பளம் ஒரு பக்கம் சுருள, பலகை நகர்ந்து கீழே கம்பியும் பழைய சாம்பலும் தெரிந்தன என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். செருப்பில் ஒன்று அங்கேயே கிடந்தது. பதினான்கு காரும் எஸ்.இ. பட்டியலும் நாலு நிமிடத்தில் சமயநல்லூரைத் தாண்டிவிட்டன. பீமாராவ் ஓடிப்போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்தார் என்று சொல்ல ஆசைதான். கொடுக்கவில்லை. தோளுக்கு அங்கே பஞ்சமில்லை. தூணோரமாக ஒதுங்கி நின்று, இறக்கும்போது பால்பாண்டியின் கால்களைப் பார்த்தார். காய்ந்திருந்தன. அப்போதுதான் அழுதார்.

மறுநாள் ஆட்கள் வந்து கல்வெட்டைக் கொத்தினார்கள். சுடுகாட்டுப் பாலத்தில் பெயர் இருப்பதை அமைச்சர் விரும்பவில்லை. அமைச்சர் விரும்பாததை அவருக்குக் கீழே இருந்த எட்டுப் பேரும் விரும்பவில்லை. கடைசிப் பெயரை எடுக்கச் சொல்லி மட்டும் யாரும் சொல்லவில்லை. கொசுவளவு எழுத்தில் அது அப்படியே இருக்கிறது. பஸ் உத்தரவும் அப்படியே இருக்கிறது. அதை ரத்து செய்ய வேண்டுமானால் அமைச்சரிடம் அந்தப் பேச்சை மறுபடி எடுக்க வேண்டும், அதற்கு யாருக்கும் தைரியம் இல்லை. தினம் இரண்டு நடை வந்து, எரிமேடையைச் சுற்றித் திரும்பிப் போகிறது.

பீமாராவுக்கு மாற்றல் ஆணையும் குற்றச்சாட்டு மெமோவும் ஒரே கவரில் வந்தன. ‘மேற்படி பாலம் எதை எதனுடன் இணைக்கிறது என்பதை அமைச்சர் அவர்களிடம் மறைத்தது ஏன் என்று பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கவும்.’ தமிழ்வாணி உட்கார்ந்து ஒன்பது பக்கத்துக்குப் பதில் தயாரித்துக் கொடுத்தாள். விதிகள், முன்னுதாரணங்கள், இணைப்பு அ முதல் ஊ வரை. அவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி மேஜை டிராயரில் வைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தன் கையாலேயே எழுதினார்.

‘ஐயா, மேற்படி பாலம் ஊரையும் சுடுகாட்டையும் இணைக்கிறது. திறந்த அன்று முதலில் அதைக் கடந்தவர் அமைச்சர் அவர்கள். இரண்டாவதாகக் கடந்தவர், ஒன்பது வருடமாக அதைக் கேட்ட பால்பாண்டி. இருவரில் அமைச்சர் மட்டும் திரும்பி வந்துவிட்டார்.’